புதுப்பிப்பு: ஆங்கில ஒருமை, பன்மை மாற்றும் நிரல்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள ஒரு பழம்பொருள் கடையின் ஆங்கிலச் சரக்குப் பட்டியலில் ஒருமை, பன்மையை நிரலே மாற்ற வழி கேட்டிருந்தேன். இப்போது ஓடுகிறது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பைத்தான் நிரல்மொழியில் ஆங்கிலச் சொற்களின் ஒருமை, பன்மையை மாற்றித் தரும் இன்ஃப்ளெக்ட் நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பை) எடுத்துக்கொண்டேன். டேமியன் கான்வே பெர்ல் என்ற நிரல்மொழிக்கு எழுதிய தொகுதிதான் இதற்கு மூலம். ஆங்கிலப் பன்மை பற்றிய அவருடைய 1998 கட்டுரையைத் தேடிப் படியுங்கள், அவ்வளவு தெளிவு.

பன்மையாக்குவது எளிது. ஒருமைக்குத் திரும்புவதுதான் பாடாய்ப் படுத்துகிறது. 'பாக்ஸஸ்' (boxes) என்றால் கடைசி இரண்டு எழுத்தை வெட்டலாம். 'வேஸஸ்' (vases) என்றால் ஒன்றைத்தான் வெட்ட வேண்டும். 'பிராஸ்' (brass), 'கிளாஸ்' (glass) இரண்டும் ஒருமையே, அவற்றில் கைவைக்கவே கூடாது. செட்டிநாட்டுச் சரக்கில் பித்தளை இல்லாமலா? 'ஆக்ஸ்' (ax, கோடரி), 'ஆக்ஸிஸ்' (axis, அச்சு) இரண்டுக்கும் பன்மையின் எழுத்துகள் ஒன்றே (axes), எந்த விதியாலும் பிரிக்க முடியாது. கடையில் இருப்பது கோடரி என்பதால் கையாலேயே எழுதி வைத்தேன். 'செஸ்ட் ஆஃப் டிராயர்ஸ்' (இழுப்பறைப் பெட்டி) பன்மையில் முதல் சொல்தான் மாறும். இவற்றை இன்ஃப்ளெக்டில் உள்ள டெஃப்நவுன் என்ற கட்டளை மூலம் முன்கூட்டியே பதியலாம்.

முக்கியமான ஒன்று: சொல் ஏற்கெனவே ஒருமையாக இருந்தால், ஒருமையாக்கும் கட்டளையான சிங்குலர்_நவுன் அந்தச் சொல்லையே திருப்பித் தராது, 'ஃபால்ஸ்' (இல்லை) என்று தரும். சோதிக்காமல் விட்டால் பொருளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அதுதான் வந்து உட்காரும்.

ரெயில்ஸ் (ரூபி நிரல்மொழியில் வலைத்தளம் கட்டும் கட்டமைப்பு) பற்றிக் கேட்ட தம்பிக்கு: அங்கே ஒருமை, பன்மை விதிகளில் கடைசியாகச் சேர்த்ததைத்தான் முதலில் பார்க்கும். பொது விதியை மேலே, விதிவிலக்கைக் கீழே எழுதுங்கள்.