நான்கு நியூட்ரான் சேர்ந்த அணுக்கரு கிடைத்ததா, இல்லையா? கணக்குகள் ஏன் இப்படி முரண்படுகின்றன?

குவாண்டம்_மாணவி

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், செமினாருக்கு டெட்ரா நியூட்ரான் தலைப்பை எடுத்திருக்கிறேன். 2022-இல் ஜப்பானின் ரைக்கன் ஆய்வகத்தில் நடந்த சோதனை நேச்சர் இதழில் வந்ததும், புரோட்டானே இல்லாமல் நான்கு நியூட்ரான்கள் சேர்ந்திருந்தன என்று எல்லாச் செய்தியிலும் போட்டார்கள். சரி, கோட்பாட்டுப் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று தேடினால் தலை சுற்றுகிறது. 2016-இல் ஷிரோகோவ், வேரி குழுவினர் 0.8 எம்இவி-யில் (மெகா எலக்ட்ரான் வோல்ட், ஆற்றலின் அலகு) ஒத்ததிர்வு, அதாவது கட்டுண்டு நிற்காமல் சற்று நேரம் சேர்ந்திருந்து சிதறும் நிலை, இருக்கிறது என்கிறார்கள். 2017-இல் கண்டோல்ஃபி குழுவுக்கு மாண்டே கார்லோ முறையில் (தற்போக்கு எண்களைக் கொண்டு கணிப்பது) 2.1 எம்இவி வருகிறது. ஆனால் ஹியாமா, லஸவுஸ்காஸ், கார்போனெல், கமிமுரா நால்வரும் 2016-இலேயே அதற்கு வாய்ப்பில்லை என்று எழுதிவிட்டார்கள், 2018-இல் டெல்டுவாவும் அதையே சொல்கிறார். எல்லோரும் தீர்ப்பது ஒரே ஷ்ரோடிங்கர் சமன்பாடு. பிறகு எங்கே பிரிகிறார்கள்? எடுத்துக்கொண்ட விசையிலா, கணிக்கும் முறையிலா?

கற்றைக்கோடு

முதலில் சோதனையில் எதை அளந்தார்கள் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள், செய்திகளில் அதுதான் விடுபட்டுப் போனது. ஹீலியம்-8 என்பது ஓர் ஆல்ஃபா துகளும் (இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான்) அதைச் சுற்றி நான்கு நியூட்ரான்களும். நியூக்ளியான் ஒன்றுக்கு 156 எம்இவி ஆற்றலில் அந்தக் கற்றையைத் திரவ ஹைட்ரஜன் மேல் விட்டார்கள். புரோட்டான் ஆல்ஃபாவை மட்டும் தட்டி எடுத்துவிடும், நான்கு நியூட்ரான்களும் இருந்த இடத்திலேயே விடப்படும். அளந்தது புரோட்டானையும் ஆல்ஃபாவையும்தான். நியூட்ரான்களை நேரடியாகப் பார்க்கவில்லை, மிச்ச ஆற்றலைக் கணக்குப் போட்டு எடுத்தார்கள். அதில் 2.37 எம்இவி-யில் ஒரு சிகரம், அகலம் 1.75 எம்இவி. ஆயுளாக மாற்றினால் ஏறக்குறைய 4×10⁻²² விநாடி.

2002-இல் பிரான்ஸின் கானில் (GANIL) ஆய்வகத்தில் கிடைத்தவை ஆறு நிகழ்வுகள், 2016-இல் ரைக்கனிலேயே வேறொரு வினையில் நான்கு. அவற்றோடு ஒப்பிட்டால் 2022-இன் தரவு எங்கோ போய்விட்டது, அந்தச் சிகரத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. சண்டை அது எதைக் காட்டுகிறது என்பதில்தான். கட்டுரையிலேயே "ஒத்ததிர்வு போன்ற அமைப்பு" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். செமினாரில் அந்தப் "போன்ற"வை விட்டுவிடாதீர்கள்.

பழைய_ஃபோர்ட்ரான்

விசையா முறையா என்று கேட்டீர்களே, பெரும்பங்கு முறைதான். நியூட்ரான் ஜோடி விசையில் அதிகம் விளையாட இடமில்லை. இரண்டு நியூட்ரான்களின் சிதறல் நீளம் (குறைந்த ஆற்றலில் ஒன்றையொன்று எவ்வளவு பாதிக்கின்றன என்பதன் அளவு) சுமார் −18.9 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்), எல்லா நவீன விசைகளும் அதைத் தந்தாக வேண்டும். 2003-இலேயே அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்துப் பைப்பர் மாண்டே கார்லோவில் காட்டிவிட்டார்: நான்கு நியூட்ரானைக் கட்டிப்போடும் அளவுக்கு விசையை மாற்றினால் மற்ற அணுக்கருக்களின் ஆற்றல்கள் எல்லாம் கெட்டுப்போகும். எனவே கட்டுண்ட நிலை பற்றிய பேச்சு அங்கேயே முடிந்தது. மீதி இருப்பது ஒத்ததிர்வுதான்.

சிக்கல் இங்கே ஆரம்பிக்கிறது. நம் அணுக்கருக் கணினி நிரல்களில் பெரும்பாலானவை கட்டுண்ட நிலைக்காக எழுதப்பட்டவை. ஹார்மானிக் ஆசிலேட்டர் பேசிஸ் (அலைச்சார்பைக் கட்டும் அடிப்படைச் சார்புகளின் தொகுப்பு) எடுத்தாலும் பெட்டிக்குள் அடைத்தாலும் அலைச்சார்பு தூரத்தில் செத்துப்போகும் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். அப்படி ஓர் அணியை மூலைவிட்டமாக்கினால் அது எப்போதும் ஏதோ ஓர் ஆற்றலைத் தரும், அங்கே ஒன்றுமே இல்லாவிட்டாலும் தரும். கையால் போட்டுப் பாருங்கள்: இரண்டு நியூட்ரான், இடையே விசையே கிடையாது, சார்புத் தூரம் 20 ஃபெர்மிக்குள் அடைபட்டிருக்கிறது. ħ²/m என்பது 41.47 எம்இவி·ஃபெர்மி², அதை (π/20)²-ஆல் பெருக்கினால் 1.02 எம்இவி. பெட்டியின் ஆற்றல் அது, நியூட்ரானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெட்டியை 40 ஃபெர்மி ஆக்கினால் 0.26-க்கு இறங்கிவிடும். உண்மையான, குறுகிய ஒத்ததிர்வு என்றால் பெட்டி வளர வளர ஆற்றல் ஓரிடத்தில் தேங்கி நிற்க வேண்டும்.

பைப்பரும் கண்டோல்ஃபியும் பயன்படுத்திய வழி இன்னொன்று. நான்கு நியூட்ரானையும் வெளியிலிருந்து ஒரு நிலையாற்றல் குழியில் பிடித்துவைப்பது, பிறகு குழியின் ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, ஆழம் பூஜ்யம் என்ற இடத்துக்குக் கோட்டை நீட்டிப் படிப்பது. (பைப்பர் அப்படி நீட்டி 2 எம்இவி அருகே ஓர் அகன்ற ஒத்ததிர்வு இருக்கலாம் என்று மட்டும் சொன்னார், அதற்கு மேல் அழுத்தவில்லை.) நிலை கட்டுண்ட பகுதியிலிருந்து தொடர்ச்சிக்குள் (துகள்கள் விடுபட்டு எந்த ஆற்றலையும் எடுக்கக்கூடிய பகுதி) நுழையும் இடத்தில் அந்தக் கோடு வளையும். மையவிலக்குத் தடை இல்லாத எஸ் அலையில், கட்டு விட்டுப்போனதும் நிலை ஒத்ததிர்வாக மாறாது, மெய்நிகர் நிலையாகப் (ஈர்ப்பு கட்டிப்போடச் சற்றே போதாத நிலை) போய்விடும். நேர்கோடாக நீட்டியவருக்கு அது தெரியாது. இதைச் சுட்டித்தான் டெல்டுவாவும் லஸவுஸ்காஸும் 2019-இல் மறுப்பு எழுதினார்கள்.

மறுபக்கத்தார் துருவத்தையே (கலப்பெண் ஆற்றல் தளத்தில் ஒத்ததிர்வைக் குறிக்கும் புள்ளி) நேராகத் தேடுகிறார்கள். ஃபடேயேவ்–யாகுபோவ்ஸ்கி சமன்பாடுகளில் (பல துகள் சிதறலுக்கானவை) தொடர்ச்சி எல்லையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது கணக்கிலேயே இருக்கிறது. அல்லது கலப்பெண் அளவிடல்: r-ஐ r·e^(iθ) ஆக்கினால் தொடர்ச்சி 2θ கோணம் கீழே சுழன்றுவிடும், ஒத்ததிர்வு இருந்தால் θ-வை மாற்றினாலும் நகராமல் நிற்கும். அப்படித் தேடியவர்களுக்கு மெய் ஆற்றல் அச்சுக்கு அருகில் எதுவும் கிடைக்கவில்லை. வேண்டுமென்றே மூன்று நியூட்ரான் விசையைச் சேர்த்து ஹியாமா குழு இழுத்துப் பார்த்தது. மற்ற அணுக்கருக்களில் தேவைப்படும் அளவைவிட அது பல மடங்கு இருந்தாலொழிய எதுவும் வரவில்லை, அவ்வளவு வைத்தால் ஹைட்ரஜன்-4 கட்டுண்டுவிடும். இயற்கையில் அப்படி இல்லை.

சிதறல்_நீளம்

ஃபோர்ட்ரான் அண்ணா சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடுதான், ஆனால் ஷிரோகோவ் குழுவைப் பெட்டிக் கணக்கோடு சேர்த்தது நியாயமில்லை. அவர்கள் ஆசிலேட்டர் பேசிஸில் வந்த ஆற்றலை அப்படியே அறிவிக்கவில்லை, பேசிஸின் அளவை மாற்றி மாற்றிக் கட்டக் கோணத்தை (சிதறலில் அலை எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதை) எடுத்து, அதிலிருந்து துருவத்தைப் பிரித்தார்கள். அங்கே கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு: நான்கும் சமமாகச் சிதறும் என்று வைத்து ஒரே ஒரு வழியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு இரண்டாக ஒட்டிப்போகும் போக்கு நியூட்ரான்களுக்கு இவ்வளவு வலுவாக இருக்கும்போது அந்தத் தோராயம் தாங்குமா என்பதுதான் விவாதம். அப்புறம் 2017-இல் ஃபோசே குழு தொடர்ச்சியையும் பேசிஸில் சேர்த்துக் கணித்தது. ஆற்றல் சோதனையோடு ஒத்துப்போகலாம், ஆனால் அகலம் மிகப் பெரிதாகிவிடும் என்றார்கள். அதாவது இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இரண்டாகப் பிரித்துவிட முடியாது.

குவாண்டம்_மாணவி

இருவருக்கும் நன்றி, இந்த விளக்கம் எந்தப் பாடத்திலும் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது. துருவமே இல்லை என்றால் சோதனையில் அந்தச் சிகரம் எப்படி வந்தது?

கற்றைக்கோடு

அதற்கு விடை அதே சோதனையில் இருக்கிறது. ஒப்பீட்டுக்காக ஹீலியம்-6 கற்றையிலும் இதையே செய்தார்கள், அங்கே ஆல்ஃபாவைத் தட்டினால் மிஞ்சுவது இரண்டு நியூட்ரான். அதிலும் மிகக் குறைந்த ஆற்றலில் கூர்மையான சிகரம் வருகிறது. இரு நியூட்ரான் ஒத்ததிர்வு என்று ஒன்று கிடையாது, அது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். வெளியேறும்போது இரண்டும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் குறைந்த ஆற்றலில் குவிகின்றன, அவ்வளவுதான். 2023-இல் லஸவுஸ்காஸ், ஹியாமா, கார்போனெல் இதையே நான்குக்கு விரித்தார்கள்: ஹீலியம்-8-க்குள் நியூட்ரான்கள் ஏற்கெனவே இருந்த அமைப்பு, அப்புறம் வெளியே வரும்போது ஜோடி ஜோடியாக ஈர்ப்பது, இந்த இரண்டையும் போட்டாலே சோதனையில் கண்டது போன்ற சிகரம் வந்துவிடுகிறது, துருவம் தேவைப்படவில்லை. என் கணிப்பில் இப்போதைக்கு இதுதான் வலுவான விளக்கம். நான்கு நியூட்ரான்களையும் நேரடியாகப் பிடித்து, அவற்றுக்கு இடையிலான கோணங்களை அளந்தால் ஜோடியாகப் போனதா என்று கேட்டுப்பார்க்க முடியும். நான்கையும் ஒன்றாகப் பிடிப்பது மிகக் கடினம், ஒரே நியூட்ரான் இரண்டு கருவிகளில் பட்டு இரண்டாகத் தெரியும் தொல்லையும் உண்டு.

பழைய_ஃபோர்ட்ரான்

தம்பி சொன்னது சரி, ஷிரோகோவ் கணக்கைப் பெட்டியோடு சேர்க்கக் கூடாது.

மாணவிக்கு: செமினாருக்கு முன் இரண்டு நியூட்ரானை நீங்களே கணித்துப் பாருங்கள்மா. ஒரு காசியன் ஈர்ப்பு, சிதறல் நீளம் −18.9 வரும்படி ஆழத்தைச் சரிசெய்யுங்கள், பைத்தானில் 400 புள்ளிகள் போதும். பெட்டி 15, 20, 30, 40, 60 ஃபெர்மி என்று வைத்து முதல் நான்கு ஆற்றல்களை ஒரே படத்தில் வரையுங்கள். பிறகு அதே விசைக்கு வெளியே ஒரு சிறிய தடையைச் சேர்த்து மறுபடி வரையுங்கள். முதல் படத்தில் எல்லாக் கோடும் வழுக்கி இறங்கும். இரண்டாவதில் தடை போதிய உயரம் இருந்தால் ஒரு கோடு தட்டையாக நிற்கும், இறங்கி வரும் மற்ற கோடுகள் அதன் அருகே வந்து முட்டாமல் விலகும். வரைந்ததும் இங்கே போடுங்கள், கலப்பெண் அளவிடலுக்கு என்ன மாற்ற வேண்டும் என்று அதிலிருந்தே காட்டுகிறேன்.