கப்பல் படம் போட்ட டெல்ஃப்ட் டைல்: எந்தக் காலம்? பின்பக்க சிமெண்டை எப்படி எடுப்பது?

கடல்நீலம்:
டெல்ஃப்ட் என்கிற பழைய டச்சுச் சுவர் டைல் ஒன்று. வெள்ளையில் நீலமாக, மூன்று பாய்மரம் கொண்ட ஒரு கப்பல். 13 செ.மீ. சதுரம், தடிமன் 7 மி.மீ. மூலைகளில் அலங்காரம் இல்லை. எதிரெதிர் மூலைகளில் குண்டூசி நுனியளவு துளைகள் மட்டும். பின்னால் மெல்லிய வெள்ளைக் காரை, அதன்மேல் ஒரு விரல் கனத்துக்கு சிமெண்ட். விற்பவர் "ஹார்லிங்கன் (நெதர்லாந்து ஊர்), 1650" என்கிறார். நம்பலாமா? பின்பக்கத்தை ஆசிட் விட்டுச் சுத்தம் செய்யலாமா?

பழஞ்சூளை:
ஆசிட் வேண்டவே வேண்டாம். காரணத்தை வேறு யாராவது விரிவாகச் சொல்வார்கள், நான் காலத்துக்கு வருகிறேன்.

1600களின் தொடக்கத்து டச்சு டைல்கள் 15 மி.மீ. வரைகூடப் போகும். நூற்றாண்டின் நடுவில் 10 மி.மீ. பக்கம் இறங்கியது, 1700களில் 7–8 சாதாரணம். எனவே உங்களுடையது 18ஆம் நூற்றாண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கப்பலின் வடிவத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஊசியால் குத்திய காகிதத்தில் கரித்தூளைத் தட்டித்தான் படத்தின் புள்ளிகளை டைலில் இறக்கினார்கள். அந்தக் காகிதம் பட்டறையில் தலைமுறை தாண்டியும் புழங்கியது. தாத்தா காலத்துக் கப்பலைப் பேரன் வரைந்திருப்பான். மூலையில் எருதுத்தலை, சிலந்தி என்று வரும் அலங்காரங்களும் அப்படியே, அவை மட்டும் சாட்சி ஆகாது.

துளைகளை லென்ஸில் பாருங்கள். ஈரக் களிமண்ணை அளவுக்கு வெட்டும்போது மேலே வைக்கும் பலகையின் ஆணிகள் பதிந்த தடம் அது. சூளைக்கு முன்பே விழுந்ததால் கிளேஸ் (மேலே பூசும் கண்ணாடி மெருகு) துளைக்குள் வழிந்து இறங்கியிருக்கும். ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தால் பின்னால் துளைத்தது. துளையே தெரியாத அசல்களும் உண்டு.

கோட்டையும் பாருங்கள். சுடாத கிளேஸ் தூள் மையை உடனே உறிஞ்சிவிடும், அழித்துத் திருத்த முடியாது. அதனால் தூரிகை வைத்த இடம் தடித்து, இழுத்த இடம் மெலியும். ஒரே கனத்தில் ஓடும் கோடும் நுண்புள்ளிகளும் தெரிந்தால் அச்சு.

சுண்ணாம்புக்காரை:
அந்த மண்ணிலேயே சுண்ணாம்பு கலந்திருக்கிறது. ஆசிட், ஏன் வினிகர்கூட, காரையோடு டைலின் உடம்பையும் தின்னும். ஓரத்தில் கிளேஸ் பிடிமானம் இழந்து உரியும்.

ஊறவைக்கும் முன் அசிட்டோன் நனைத்த பஞ்சால் ஒரு ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். நீலம் ஒட்டிக்கொண்டு வந்தால் அது பிற்காலப் பூச்சு. அடியில் பிளாஸ்டர் அடைப்பும் இருக்கலாம், தண்ணீரில் அது கரைந்துவிடும்.

பஞ்சில் ஒன்றும் வராவிட்டால் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் போடுங்கள். முகம் கீழாக, தடித்த ஸ்பாஞ்ச் மேல் வையுங்கள். சிமெண்டில் வைர பிளேடால் கட்டம் கட்டமாக வெட்டு. கடைசி 2 மி.மீ.க்கு முன் நிறுத்தவும். பிறகு சிற்றுளியைப் படுக்கைவாக்கில் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பெயர்க்க வேண்டும். செங்குத்தாகத் தட்டினால் 7 மி.மீ. டைல் இரண்டாகும். அடியில் சுண்ணாம்புக் காரை இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், சிமெண்ட் பெரும்பாலும் அங்கேயே கழன்றுவிடும். மிச்சத்தை மழுங்கிய கத்தியால் சுரண்டினால் போதும்.

கடல்நீலம்:
நன்றி. பஞ்சில் நிறம் வரவில்லை, துளைக்குள் கிளேஸ் இருக்கிறது. காய்ந்தபின் ஓரத்தில் வெள்ளைப் பூப்பு வருமா?

சுண்ணாம்புக்காரை:
வரலாம், சுவரிலிருந்து ஏறிய உப்பு அது. துடைத்துவிட்டு விடாதீர்கள். உள்ளே படிகமாகும்போது கிளேஸைத் தள்ளிவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து நீரைத் தினமும் மாற்றுங்கள். பிறகு நிழலில், வெயிலோ ஹீட்டரோ படாமல், இரண்டு வாரமாவது உலரட்டும்.

பழஞ்சூளை:
மாட்டும்போது எபாக்ஸி போடாதீர்கள், திரும்ப எடுக்க முடியாது. பிளாஸ்டிக் உறை போட்ட கொக்கிச் சட்டம் நல்லது. உடைசல் ஒட்ட வேண்டியிருந்தால் அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 (ஒரு அக்ரிலிக் பிசின்). தேவைப்பட்டால் அதே அசிட்டோனில் பிரித்துவிடலாம். விற்பவரிடம் 18ஆம் நூற்றாண்டு விலைக்கே பேசுங்கள்.