துடுப்புப் பெட்டியா, செட்டைக்கூடா?

காட்பாடியிலிருந்து:

அன்பர்களே, வணக்கம். அலைச்சறுக்குப் பலகையின் அடியில், வால் பக்கம், மீனின் துடுப்பு மாதிரி நிற்கும் தகடான ஃபின்னைச் சொருகும் பிளாஸ்டிக் பாகத்தை ஃபின் பாக்ஸ் என்கிறார்கள். கோவளம், மாமல்லபுரம் பக்கம் ஓடும் பலகைகளை வீட்டிலேயே பழுது பார்ப்பதற்கான குறிப்பு ஒன்று தமிழில் தயாராகிறது. வரைவில் 'துடுப்புப் பெட்டி' என்று போட்டிருக்கிறது. மீனுக்குப் பாடநூலில் துடுப்புதானே, அப்படியே விடலாமா?

ஆரணியிலிருந்து:

துடுப்பு வேண்டாமுங்க. நம் பக்கம் களி கிண்டுவதும் துடுப்பு, படகு வலிப்பதும் துடுப்பு. நின்றுகொண்டு துடுப்பு வலிக்கும் பலகைக்கும் அடியில் ஃபின் உண்டு. 'துடுப்பைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கவும்' என்று எழுதினால் எதைக் கழற்றுவது? இலங்கையில் மீனின் ஃபின்னைச் செட்டை என்பார்கள், அதை எடுத்துக்கொள்ளலாம். சேட்டை என்று சிலர் வாசிப்பார்கள், வாசிக்கட்டும். பாக்ஸுக்கு 'உறை' போதும். பாலாற்று மணலைத் தோண்டி உறை இறக்குகிற மாதிரிதான் இதுவும்: பலகைக்குள் இருக்கும் நுரையில் குழி வெட்டி, உள்ளே இறக்கி, சுற்றி அடைப்பது. ஆகவே செட்டையுறை.

ராணிப்பேட்டையிலிருந்து:

உவமை பொருத்தம்தான், சொல்தான் இடிக்கிறது. பலகையை வைத்துத் தூக்கிப்போகும் பையை எல்லோரும் உறை என்றே சொல்வார்கள். செட்டையுறை என்றால் செட்டைக்கு மேலே மாட்டுவது என்று ஆகிவிடும்.

ஃபைபர் வேலை செய்கிறவன் கேட்பது ஒரு சொல் அல்ல, மூன்று சொல். நுரையில் வெட்டிய பள்ளம் 'குழி'. அதில் ஒட்டிய பிளாஸ்டிக் பாகம் 'கூடு' (கண்ணாடிக் கூடு என்கிறோமே, அந்தக் கூடு). கூட்டுக்குள் செட்டையின் அடிப்பகுதி இறங்கும் பிளவு 'காடி', தச்சர் சொல்லும் அதே காடி. மூன்றையும் 'பெட்டி' என்று எழுதினால் தப்பான இடத்தில் ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றுவார்கள்.

செட்டையின் நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். மறு கை விரலைக் கூட்டின் விளிம்பில் வையுங்கள். விரலுக்கு அசைவு தெரியாமல் செட்டை மட்டும் ஆடினால் காடியில் தளர்ச்சி. திருகு உள்ள வகை என்றால் 3/32 அங்குல ஆலன் கீயால் இறுக்கினால் போதும், ரெசினே வேண்டாம். விளிம்பே அசைந்தால், அல்லது சுற்றி மயிரிழை விரிசல் ஓடினால், கூடு குழியை விட்டுவிட்டது. தண்ணீர் உள்ளே போயிருக்கும்.

முதலில் காயவிட வேண்டும். விரிசல் கீழ்நோக்கி இருக்கும்படி நிழலில் சாய்த்து வையுங்கள். சில நாள் ஆகும். வேலூர் வெயிலில் கிடத்தினால் உள்ளே காற்று விரிந்து மேல் ஃபைபர் உப்பிக்கொள்ளும்.

அடுத்தது நுரை எது என்று பார்ப்பது. உடைந்த ஓரத்தை நகத்தால் கிள்ளுங்கள். மாவாக உதிர்ந்தால் பாலியூரித்தேன். ஜவ்வரிசி மாதிரி மணிமணியாக உதிர்ந்தால் தெர்மாகோல் இனம். அதன்மேல் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் நுரை கரைந்து குழி பெரிதாகிவிடும், எபாக்ஸி ரெசின்தான் வேண்டும். சந்தேகம் இருந்தால் எபாக்ஸியே எடுங்கள், இரண்டிலும் பிடிக்கும்.

காடியை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள், திருகு ஓட்டையில் மெழுகு அடையுங்கள். இதை மறந்தால் ரெசின் உள்ளே இறுகிக் கூடே வீண். கூட்டைச் சுற்றி 3 செ.மீ. அகலத்துக்கு 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகும் வரை தேயுங்கள். நைந்த நுரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ரெசினில் அரைத்த கண்ணாடி இழையைக் கலந்து பட்டி மாதிரிக் கெட்டியாக்கி இடுக்கில் திணியுங்கள். வெறும் ரெசின் இறுகியதும் நொறுங்கும், இழைதான் பலம். மேலே 6 அவுன்ஸ் கண்ணாடி இழைத் துணி இரண்டு அடுக்கு, இரண்டாவது சற்றுப் பெரியதாக. இறுகியபின் 120, 220 என்று தேய்த்து, காடியின் மேல் உள்ள துணியைக் கத்தியால் கீறித் திறங்கள்.

கூடு முழுதாகப் பெயர்ந்திருந்தால் புதிய கூட்டில் செட்டையைச் சொருகியபடியே குழியில் இறக்குங்கள். வால் நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் உள்ள தூரம், சாய்வு, மூக்கைப் பார்க்கும் கோணம் எல்லாவற்றையும் எதிர்ப்பக்கச் செட்டையோடு ஒப்பிட்டு, டேப்பால் அசையாமல் கட்டி, ரெசின் இறுகும் வரை விடுங்கள். கோணம் தப்பினால் பலகை ஒரு பக்கமாக இழுக்கும்.

பாலியெஸ்டர் என்றால் இன்னொன்று. இங்கே மே மாதத்தில் 100 கிராம் ரெசினுக்கு 1 கிராம் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) போதும். 2 கிராம் போட்டால் பரப்புவதற்குள் கட்டிவிடும். ஆழமான கோப்பையில் விட்டால் புகையே வரும். அகலத் தட்டில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் தனியாக வந்தால் அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். அவை இரண்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். குறிப்பில் இந்த வரி கொட்டை எழுத்தில் இருக்கட்டும்.

ஆரணியிலிருந்து:

உறையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், கூடே இருக்கட்டும். நீளப் பலகையின் ஒற்றைச் செட்டைக்கு, காடிக்குள் முன்னும் பின்னும் நகரும் சின்னச் சதுரத் தகடு ஒன்று உண்டே, திருகு அதில்தான் ஏறும். அதற்கு?

ராணிப்பேட்டையிலிருந்து:

மரைதான் அது. ஓடுவதால் 'ஓடுமரை'. துரு ஏறி நின்றுவிட்டால் அதை ஓடவைப்பது தனி வேலை.