நீஸில ஒரு கிழமைக்கு வீடு: விளம்பரத்தில எதைப் பார்க்கவேணும்?

கூர்னவ்வாசி

வணக்கம். யூலை மூன்றாம் கிழமை, சனி தொடக்கம் சனி வரை, தெற்குப் பிரான்சின்ர கடற்கரை நகரமான நீஸில ஒரு வீடு எடுக்க இருக்கிறம். பெரியாக்கள் நாலு பேர், ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். பாரிஸில இருந்து ரெயினில போறம், கார் இல்லை. சமையல் வீட்டிலதான்.

மூன்று விளம்பரம் எடுத்து வைச்சிருக்கிறன்.

1. பழைய நீஸ், டி2, "கூஷாஜ் 5" (ஐந்து பேர் படுக்கலாம்), நாலாம் மாடி.
2. மியூசிசியான் பகுதி, டி3, மூன்றாம் மாடி, லிஃப்ற் இருக்கு. முதலாவதை விட மூன்றிலொரு பங்கு விலை கூட.
3. கடற்கரை வீதியான புரொம்னாத் தெசாங்ளேயில டி3, கடல் பார்த்த பல்கனி. விலை இரண்டாவதின்ர பாதி. காசை விளம்பர இணையத்தளத்துக்கு வெளியால வங்கிக்கு நேர அனுப்பச் சொல்லுறார்.

எதை எடுக்கலாம்? முற்பணம், வரி விசயத்தில என்ன கவனிக்கவேணும்?

நெய்தல்

மூன்றாவதை இப்பவே அழியுங்கோ. யூலை நடுவில கடலுக்கு முன்னால டி3 பாதி விலைக்கு ஒருவரும் தரமாட்டினம். சந்தேகமெண்டால் பதிவு எண்ணைக் கேளுங்கோ. நீஸ் நகரசபை கொடுத்து வந்த எண் 13 இடம் கொண்டது. முதல் ஐந்து இலக்கமும் 06088. அது நகரத்துக்குப் பிரான்சின்ர புள்ளிவிபர அலுவலகம் (இன்சே) கொடுத்த குறியீடு, தபால் குறியீடு இல்லை. கள்ளர் சிலவேளை தபால் குறியீடான 06000ஐ வைச்சு ஒரு எண்ணை இட்டுக்கட்டுவினம், அல்லது 75இல தொடங்கிற பாரிஸ் எண்ணைக் கொண்டுவந்து ஒட்டுவினம்.

முதலாவதுக்கு வருவம். டி2 எண்டால் இரண்டு படுக்கையறை இல்லை. ஒரு படுக்கையறையும் ஒரு ஹோலும்தான். அதில "கூஷாஜ் 5" எண்டு போட்டால், இரண்டு பேர் ஹோலில விரிக்கிற சோபாவில, ஐந்தாவது ஆள் மடிப்புக் கட்டிலில. "ஸ்தூதியோ கபின்" எண்டு கண்டாலும் கவனம்: வாசலடியில யன்னலில்லாத ஒரு மூலையில அடுக்குக் கட்டில் போட்டிருப்பினம். கட்டில் அளவையும் கேளுங்கோ. பிரான்சில இரண்டு பேர் கட்டில் எண்டு 140×190தான் கனக்கப் போடுவினம். வயது போனவைக்கு 160×200 வேணும், அல்லது இரண்டு தனிக்கட்டில்.

லிஃப்ற் இருக்கெண்டு எழுதாட்டில் இல்லையெண்டுதான் அர்த்தம். பழைய நீஸில கட்டடங்கள் நூற்றாண்டுகள் பழசு, படி ஒடுங்கலும் செங்குத்தும். நாலாம் மாடிக்கு 70, 80 படி வரும். ஒழுங்கைக்குள்ள வாகனம் வராது. கதெத்ரால் - வியேய் வில் ட்ராம் தரிப்பிடத்தில இருந்து பெட்டியை இழுத்துக்கொண்டுதான் போகவேணும். ரூ தெ லா ப்ரெஃபெக்தூர் பக்கம் எண்டால் இரவு பார் சத்தம். கூர் சலேயா பக்கம் எண்டால் விடியற்காலையில சந்தைக்காரர் சாமான் இறக்கிற சத்தம். அம்மாவோட போறதெண்டால் அது சரிவராது.

மியூசிசியான் சரியான தெரிவு. நிலம் மட்டம், நீஸ்-வில் ஸ்டேசனுக்கும் கடலுக்கும் நடுவில, இரண்டு பக்கமும் நடக்கிற தூரம். ஆனால் லிஃப்ற் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கோ: வாசலில இருந்து லிஃப்ற்றடிக்கு எத்தனை படி? அது வீட்டு வாசலிலயே நிற்குமா, இரண்டு மாடிக்கு இடையிலயா? பழைய கட்டடங்களில லிஃப்ற்றைப் பிறகுதான் பூட்டினவை. அரை மாடி படி ஏறவேண்டி வரலாம். இரண்டு ஆள் நிற்கிற பெட்டி, சூட்கேஸ் தனியாப் போகும்.

கடற்கரை முழுக்கக் கூழாங்கல்லு. எல்லாருக்கும் ரப்பர் கடல்சப்பாத்து வேணும். கரையில இருந்து கொஞ்சத்திலயே ஆழமாகிடும், பிள்ளையில கண் இருக்கவேணும். மணலும் ஆழமில்லாத தண்ணியும் வேணுமெண்டால் ரெயினில வில்ஃப்ரான்ஷ்-சூர்-மேர் போங்கோ, சில நிமிச ஓட்டம், ஸ்டேசனுக்குக் கீழயே கடற்கரை.

மாடிவீட்டான்

பணம் பற்றிச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் முற்பணத்துக்கு எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். "அர்" என்றிருந்தால் நீங்கள் விலகலாம், கொடுத்தது போகும்; வீட்டுக்காரர் விலகினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தரவேண்டும். "அகோந்த்" என்றிருந்தால் இரு பக்கமும் கட்டுப்பட்டாயிற்று. நீங்கள் விலகினால் முழு வாடகையையும் கேட்க வழி உண்டு. இணையத்தில் வாங்கும் பொருளுக்கு 14 நாள் திருப்பும் உரிமை இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், தேதி குறித்த தங்குமிடத்துக்கு அது கிடையாது. ஏஜென்சி மூலம் எடுத்தால் சாவி வாங்கும் நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் பணம் கேட்கக் கூடாது, முற்பணமும் வாடகையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நேரடியாக வங்கி வழியே அனுப்பும்போது, 2025 அக்டோபர் முதல் யூரோ வலய வங்கிகள் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்று காட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு பெயர், கணக்கில் வேறு பெயர் என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தங்கல் வரி, அதாவது தக்ஸ் து செஜூர், 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். நட்சத்திரத் தரம் பெற்ற வீட்டுக்கு ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு நிலையான தொகை. தரம் பெறாததற்கு வாடகையில் சதவீதம்; அந்த வரித் தொகையின் மேல் மாவட்டத்துக்கு 10%, புதிய ரயில் பாதைத் திட்டத்துக்கு 34%. ஓர் இரவு 150 யூரோ, ஐந்து பேர் என்றால் தலைக்கு 30. சட்டத்தின் உச்ச வீதம் 5% என்று வைத்தால் 1.50, கூடுதல் வரிகள் சேர்ந்து 2.16. பெரியவர் நால்வருக்கு ஏழு இரவு 60.48 யூரோ. குழந்தைக்கும் சேர்த்து வாங்கியிருந்தால் கேளுங்கள்.

பாரிஸ் வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்குமே, அதில் "வில்லெஜியாத்தூர்" என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விடுமுறை வீட்டில் உங்களால் ஏற்படும் தீ, நீர்க்கசிவுச் சேதத்தை அதுவே தாங்கும், தனியாக வாங்க வேண்டாம். வீட்டுக்குள் போனதும், பெட்டியைப் பிரிக்கும் முன்பே, ஒவ்வோர் அறையாக வீடியோ எடுத்து, கீறல், உடைசல் இருந்தால் அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். கோசியோன், அதாவது சேதத்துக்கான வைப்புப் பணம், பிடிக்கும் தகராறு முக்கால்வாசி இதில்தான் தீரும்.

குசினிக்கணக்கு

சமையல் வீட்டிலதான் எண்டால் புக் பண்ண முதல் மூன்று கேள்வி.

அடுப்பு இன்டக்ஷனா, சாதாரணக் கண்ணாடித் தட்டா? இன்டக்ஷனில அலுமினியக் குக்கர் சூடாகாது, அடியில காந்தம் ஒட்டவேணும்.

மின்சார அளவு என்ன? வீட்டு மின் இணைப்பின்ர உச்ச அளவு 3 கேவிஏ எண்டால் அடுப்பும் ஓவனும் ஏசியும் ஒன்றாப் போட்டவுடன விழும். ஐந்து பேருக்கு 6 ஆவது வேணும். லிங்கி எண்ட டிஜிற்றல் மின்மீற்றர் வெட்டினால் பெட்டியில இருக்கிற சின்னச் சுவிட்சுகளைத் தட்டிப் பிரயோசனமில்லை. கொஞ்சச் சாமானை நிற்பாட்டிப்போட்டு மீற்றரில "+" பொத்தானைச் சில செக்கன் அழுத்திப் பிடிக்கவேணும்.

சுடுதண்ணித் தாங்கி எத்தனை லீற்றர்? 50 எண்டால் இரண்டு பேர் குளிக்கக் காணும், ஐந்து பேருக்கு 150க்கு மேல பாருங்கோ. கனவீட்டில அது இரவு மலிவு மின்சாரத்திலதான் சூடாகும். காலமை முடிச்சால் இரவு வரைக்கும் பச்சைத்தண்ணிதான். மின்பெட்டியில "0 / ஒட்டோ / 1" எண்டு சின்ன சுவிட்ச் இருந்தால் 1இல போடுங்கோ, உடன சூடாகத் தொடங்கும். பிறகு மறக்காமல் ஒட்டோவுக்குத் திருப்புங்கோ.

ஏசி எண்டு எழுதினால் "சுவரில பூட்டினதோ, எந்த அறையில" எண்டு கேளுங்கோ. யன்னலால குழாய் விடுற உருட்டுப் பெட்டியையும் ஏசி எண்டுதான் போடுவினம். யன்னல் திறந்திருக்கவேணும், சத்தம், புலிநுளம்பும் உள்ள வரும். பெட்ஷீற், துவாய் வாடகைக்குள்ள அடங்குதோ எண்டும் பாருங்கோ, அடங்காத வீடுகள் கனக்க.

திறப்பு: கனவீட்டில கதவு சாத்தினவுடன தானாப் பூட்டும், வெளியால கைப்பிடி இல்லை. உள்பக்கம் திறப்பை விட்டுட்டு வெளியில வந்தால் கையில இருக்கிற மற்றத் திறப்பும் கனபூட்டில வேலை செய்யாது. ஞாயிறு இரவு பூட்டுத் திறக்கிறவர் கேக்கிற காசுக்கு இன்னும் இரண்டு நாள் வாடகை கட்டலாம்.

கூர்னவ்வாசி

நன்றி. இரண்டாவதுக்கு இந்தக் கேள்வியளை அனுப்பிட்டன். இன்னொன்று: அம்மா அப்பா யாழ்ப்பாணத்தில இருந்து விசாவில வந்திருக்கினம், அத்தெஸ்தாசியோன் தகேய் (எங்களோட தங்குவினம் எண்ட நகரசபைச் சான்று) எங்கட வீட்டு முகவரிக்கு. நீஸில நிற்கிறதுக்கு வேற கடிதம் எடுக்கவேணுமோ?

மாடிவீட்டான்

வேண்டாம். அந்தச் சான்று உறவினர் வீட்டில் தங்குவதற்கானது, வாடகை வீட்டுக்குக் கேட்கமாட்டார்கள். விசா செல்லுபடியாகும் நாட்களுக்குள் பிரான்சுக்குள் எங்கும் போகலாம். பாஸ்போர்ட்டின் மூலப்பிரதியும் முன்பதிவுச் சீட்டும் கையில் இருக்கட்டும், பதிவில் அவர்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். வீட்டுக்காரர் பெயர், பிறந்த தேதி, நாடு, முகவரி கேட்டு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினால் பயப்பட வேண்டாம். வெளிநாட்டவர் தங்கினால் அந்தப் படிவத்தை நிரப்பி ஆறு மாதம் வைத்திருப்பது அவர் கடமை. படிவத்தில் எழுதிக் கொடுத்தால் போதும், பாஸ்போர்ட்டின் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள்.