வெளிச்சப் பொத்தானுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியவர்கள் உதவுங்கள்

வணக்கம். வெள்ளவத்தையில் பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறோம். ஒரு மாடலில் திரை வெளிச்சப் பொத்தான்கள் வேலை செய்யவில்லை. இரவில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கண் கூசுகிறது.

திரையின் பின்விளக்கைக் கட்டுப்படுத்தும் பேக்லைட் கோப்பில் எண்ணை நேரே எழுதினால் வெளிச்சம் குறைகிறது, ஆகவே திரைப் பக்கம் சரி. பொத்தானை அழுத்தினால் இவிடெஸ்டில் (விசை அழுத்தல்களைக் காட்டும் கருவி) ஒன்றும் வருவதில்லை. ஏசிபிஐ லிசனில் (வன்பொருள் அனுப்பும் அறிவிப்புகளைக் காட்டும் கருவி) மட்டும் ஒரு டபிள்யூஎம்ஐ நிகழ்வு, அதாவது மடிக்கணினியின் ஃபர்ம்வேர் அனுப்பும் அறிவிப்பு, தெரிகிறது. இரண்டு பொத்தானுக்கும் ஒரே எண். அப்படியென்றால் எது அழுத்தப்பட்டது என்பதை நிகழ்வோடு வரும் தரவில்தான் எடுக்க வேண்டும். (பேக்லைட்டைக் கர்னலே, அதாவது லினக்ஸின் மையப் பகுதியே, நேராகக் கையாளச் செய்யும் ‘நேட்டிவ்’ அமைப்பு இங்கே உதவாது, அது பொத்தான் அழுத்தலைக் கொண்டுவராது.)

இதற்காகச் சிறிய டிரைவர் (வன்பொருளை லினக்ஸோடு பேசவைக்கும் மென்பொருள்) ஒன்று எழுதப் போகிறேன். அது விசைக் குறியீட்டை மட்டும் அனுப்பிவிட்டு, வெளிச்சத்தை டெஸ்க்டாப்பிடம் விடுவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். டிரைவரும் டெஸ்க்டாப்பும் இரண்டுமே வெளிச்சத்தை மாற்றப் போனால் ஒரு அழுத்தலுக்கு இரண்டு படி தாவும். நிகழ்வோடு வரும் அந்தத் தரவைப் பிரித்து ஸ்பார்ஸ் கீமேப்பில் (எந்த எண்ணுக்கு எந்த விசை என்று சொல்லும் கர்னல் அட்டவணை) சேர்த்த அனுபவம் உள்ளவர்கள், கொழும்பில் இருந்தால் நேரிலும் வருகிறேன், தயவுசெய்து சொல்லுங்கள்.