சொல்தா தாத்தாவுக்கு வாசித்துக் காட்டிய கொலைக் கதை

2016 மழைக்காலத்தில் எங்கள் தாத்தா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் கட்டிலே கதி. புதுச்சேரியில் எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்சன் வாங்குகிறவர், அதனால் 'சொல்தா', பிரெஞ்சில் சிப்பாய். இந்தோசீனாவையும் அல்ஜீரியாவையும் பார்த்தவர். 86 வயதில் கண் மங்கியிருந்தது, காது மட்டும் கூர்மை. சாயங்காலமானால் யாராவது எதையாவது வாசித்துக் காட்ட வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது.

அப்போது என் கையில் இருந்த புத்தகம் பியேர் லெமெத்ரின் நாவல், ஃபிராங்க் வின் ஆங்கிலத்தில் பெயர்த்த 'தி கிரேட் ஸ்விண்டில்'. பிரெஞ்சு மூலத்துக்கு 2013இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர். ஆங்கிலப் பெயர்ப்புக்கு 2016இல் பிரிட்டன் குற்றக்கதை எழுத்தாளர்கள் தரும் சர்வதேச டாகர் விருது. இலக்கியக்காரர்களும் துப்பறியும் கதைக்காரர்களும் ஒரே கதையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்களே என்ற ஆசையில் வாங்கியிருந்தேன். ஒரு பத்தியை ஆங்கிலத்தில் மனதுக்குள் படிப்பேன், பிறகு தமிழில் தாத்தாவுக்குச் சொல்வேன். மொழிபெயர்ப்பின் மேல் இன்னொரு மொழிபெயர்ப்பு. எப்படியும் பாதி கெட்டுப்போகும் என்றுதான் நினைத்தேன்.

கதை 1918 நவம்பர் 2ஆம் தேதி தொடங்குகிறது. முதல் உலகப் போர் முடிய ஒன்பதே நாள். சமாதானம் வரப்போகிறது என்று அகழியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இனிமேல் சாக யாருக்கும் மனமில்லை. லெப்டினன்ட் பிராதெலுக்கு மட்டும் போர் முடிவதற்குள் ஒரு பதவி உயர்வு வேண்டும். இரண்டு பேரை வேவு பார்க்க அனுப்புகிறான். ஒருவர் வயசாளி, ஒருவன் சின்னப் பையன். துப்பாக்கி வெடிக்கிறது, இரண்டு பேரும் விழுகிறார்கள். ஜெர்மானியர்கள் சுட்டுவிட்டார்கள் என்று படை கொதித்து 113ஆம் குன்றை நோக்கி ஓடுகிறது. வங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அல்பேர் என்ற பயந்த சுபாவக்காரன் ஓடுகிற வழியில் அந்தப் பிணங்களைப் பார்க்கிறான். குண்டு பாய்ந்திருப்பது முதுகில்.

"நிறுத்து பாப்பா. முதுகிலயா?"

"ஆமா தாத்தா."

"ஜெர்மன்காரன் எதிர்ல இருக்கான்?"

"எதிர்லதான்."

ரொம்ப நேரம் பேச்சில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனேன். "மேல படி" என்றார்.

யார் கொன்றது என்பதைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைக்கிற கதை இல்லை இது. முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. இந்தக் கொலை என்றைக்காவது வெளியே வருமா, இல்லை மண்ணோடு போய்விடுமா என்பதுதான் நம்மைப் பிடித்து இழுக்கிறது. உண்மை தெரிந்த அல்பேரை பிராதெல் குண்டுக் குழிக்குள் தள்ளிவிடுகிறான், மண் சரிந்து மூடுகிறது. உள்ளே ஒரு செத்த குதிரையின் தலை. அதன் வாயில் மிச்சமிருந்த நாற்றக் காற்றை உறிஞ்சித்தான் அவன் உயிரைப் பிடித்துக்கொள்கிறான். அவனைத் தோண்டி எடுக்கிற சக சிப்பாய் எதுவாரின் கீழ்த்தாடையைக் குண்டுச் சிதறல் கொண்டுபோய்விடுகிறது. இதைத் தாத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். குதிரை மூச்சைக் கேட்டதும் அவர் கட்டில் குலுங்கச் சிரித்தார். இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தார். பின்னால் எதுவார் அதே குதிரைத் தலையை முகமூடியாகச் செய்து அல்பேருக்குக் கொடுக்கிற இடத்தில் அவர் சிரிக்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போருக்குப் பிறகு கதை முழுக்க மோசடியாகிறது. தாடை போனவனும் பயந்தாங்கொள்ளியும் சேர்ந்து ஊர் ஊராகப் போர் நினைவுச்சின்னம் செய்து தருவதாகப் பணம் வாங்குகிறார்கள், சின்னம் வராது. பிராதெல் பெரிய இடத்தில் கல்யாணம் முடித்து, சிப்பாய்களின் உடல்களைத் தோண்டி எடுத்து ராணுவக் கல்லறைகளில் புதைக்கிற ஒப்பந்தத்தைப் பிடிக்கிறான். காசு மிச்சம் பிடிக்க 1.30 மீட்டர் நீளச் சவப்பெட்டிகள் வாங்குகிறான். உள்ளே அடங்காத உடலை எலும்பை உடைத்து அடக்குகிறார்கள்.

தாத்தா இந்த இடத்தில், "1.30ன்னா எவ்ளோ, காட்டு" என்றார். தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து வந்தேன். குதிகாலில் ஒரு முனையை வைத்துப் பிடித்து மேலே இழுத்தேன். நெஞ்சு வரைதான் வந்தது. 130 என்ற எண் நின்ற இடத்தில் அவர் கையை வைத்தார். "இதுக்கு மேல இருக்கறது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த மோசடியைக் கண்டுபிடிக்க வருகிறவர் மெர்லேன் என்ற அதிகாரி. பெரிய சப்பாத்து, கடகடவென்று ஆடுகிற பொய்ப்பல், அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்காத மனுஷன். அவர் வருகிற ஒவ்வொரு பக்கமும் சிரிப்பு. பிராதெல் கட்டுக்கட்டாக லஞ்சம் கொடுக்கிறான், அவர் அந்த நோட்டுகளையே சாட்சியாகப் பதிவேட்டில் பசை போட்டு ஒட்டி வைக்கிறார். தாத்தாவுக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. காலையில் காபி கொடுக்கப் போனாலே, "பல்லுக்காரர் இன்னைக்கு வருவாரா?" என்பார். நினைவுச்சின்ன மோசடி எழுத்தாளரின் கற்பனை. ஆனால் சவப்பெட்டி விவகாரத்துக்குப் பின்னால் 1922இல் பிரான்சில் வெடித்த நிஜ ஊழல் இருக்கிறது. பேயாத்ரிக்ஸ் போ என்ற வரலாற்றாய்வாளர் அதைத் தோண்டி எழுதியிருந்தார். இதைச் சொன்னதும் தாத்தா தலையாட்டினார், ஆச்சரியப்படவில்லை.

ஒரு நாள், "பிரெஞ்சுல இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டார். 'ஒ ருவுவார் லா-ஓ' என்றேன். ஆங்கிலத் தலைப்பு மோசடியைப் பிடித்துக்கொண்டது, மூலத் தலைப்போ ஒரு கடிதத்தின் கடைசி வரி. 1914 டிசம்பர் 4ஆம் தேதி வட பிரான்சில் வேங்ரே என்ற கிராமத்தில், எதிரிக்கு முன்னால் பின்வாங்கினார்கள் என்று சொல்லி ஆறு சிப்பாய்களை அவர்களுடைய ராணுவமே சுட்டுக் கொன்றது. அதில் ஒருவர் ழான் ப்ளான்ஷார். சாவதற்கு முன் மனைவிக்கு எழுதிய வார்த்தைதான் அது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று 1921இல் தீர்ப்பு வந்தது. நாவலின் முதல் பக்கத்திலேயே அந்த வரி இருக்கிறது. நான் அதுவரை அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

அந்த வரியைத் தமிழில் "மேலே மறுபடியும் பாக்கலாம்"னு சொல்லட்டுமா என்று கேட்டேன். தாத்தாவுக்கு அது ஒட்டவில்லை. எங்கள் வீட்டில் வாசலைத் தாண்டுகிறவர்கள் 'போறேன்' என்று சொல்லிவிட்டால் கோபம் வரும் அவருக்கு, திரும்ப உள்ளே கூப்பிட்டு 'வர்றேன்' சொல்ல வைப்பார். "பொண்டாட்டிகிட்ட எழுதறான். போயிட்டு வர்றேன்னுதான் எழுதுவான். மேலன்னு சேத்துக்க, போதும்" என்றார். எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது. பிரெஞ்சுச் சொல்லில் திரும்பப் பார்ப்பது இருக்கிறது, நம் சொல்லில் திரும்ப வருவது. ஆங்கிலத்தில் இரண்டுமே குட்பை ஆகிவிடுகிறது. அந்த ஒரு வரிக்காகவாவது இந்த நாவல் தமிழில் வர வேண்டும் என்று அன்றிலிருந்து கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தை மாசம் முடிவதற்குள் நாவல் முடிந்தது. பிராதெல் என்ன ஆனான் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை, படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். முடித்துப் புத்தகத்தை மூடினதும் தாத்தா கேட்டது வேறு.

"முதுகுல சுட்டானே, அந்த ரெண்டு பேர். பேரு சொன்னியே?"

எனக்கு ஞாபகம் இல்லை. குதிரை, முகமூடி, பொய்ப்பல் என்று ஓடிய ஓட்டத்தில் அந்த இருவரையும் நான் எப்போதோ விட்டுவிட்டிருந்தேன். முதல் அத்தியாயத்தைத் திருப்பித் தேடினேன். லூயி தெரியே, கஸ்தோன் கிரிசோனியே. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, பட்டாளத்து உச்சரிப்பில் ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தார். பிறகு நான்காக மடித்து பென்சன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.