‘டிராகன் டாட்டூ’ நாவலின் நிருபர் மிக்கேல் ப்ளூம்க்விஸ்ட்: என் ஏமாற்றம்

இரவுவாசகன்:

ஸ்டீக் லார்ஸனின் ‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’ நாவலைப் பத்தாண்டுகளுக்குப் பிறகு மீண்டும் எடுத்துப் படித்தேன். முதல் வாசிப்பில் கதையின் வேகம் இழுத்துக்கொண்டு போனதால் கண்ணில் படாத ஒன்று, இந்த முறை முள்ளாக உறுத்துகிறது. முடிவைச் சொல்லாமல் அதை விளக்க முடியாது என்பதால், நாவலை இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் இந்த விவாதத்தைத் தள்ளிவைப்பது நல்லது.

‘மில்லேனியம்’ என்ற ஸ்வீடன் இதழின் நிருபரான மிக்கேல் ப்ளூம்க்விஸ்ட், வென்னர்ஸ்ட்ரோம் என்ற தொழிலதிபரைப் பற்றிப் போதிய ஆதாரமின்றி எழுதி, அவதூறு வழக்கில் மூன்று மாதச் சிறைத்தண்டனை பெறுகிறார். அந்த நேரத்தில் ஹென்ரிக் வாங்கர் என்ற முதியவர், 1966இல் காணாமல் போன தம் அண்ணன் பேத்தி ஹாரியட்டுக்கு என்ன நேர்ந்தது என்று கண்டறிய அவரை அமர்த்துகிறார். லிஸ்பெத் சலாண்டர் என்ற இளம்பெண்ணின் துணையோடு துருவிப் போகும்போது, ஹாரியட்டின் தந்தை கோட்ஃப்ரீடும் அண்ணன் மார்ட்டினும் பல ஆண்டுகளாகப் பெண்களைக் கொன்றுவந்தது தெரியவருகிறது. ஹாரியட் சாகவில்லை, அண்ணனிடமிருந்து தப்பி ஆஸ்திரேலியாவில் வாழ்கிறார்.

ஸ்வீடிஷ் மூலத்தில் இந்த நாவலின் தலைப்பு ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’. ஸ்வீடனில் 18 சதவீதப் பெண்கள் ஏதோ ஒரு சமயத்தில் ஓர் ஆணால் மிரட்டப்பட்டவர்கள் என்ற வரி முதல் பாகத்தின் முகப்பில் நிற்கிறது. அப்படித் தொடங்கும் நாவலில், கொலைகளைக் கண்டுபிடித்த நிருபரே அவற்றை எழுதாமல் மூடிவைக்கச் சம்மதிக்கிறார். அதன் பிறகு வரும் அத்தியாயங்கள் முழுவதும் வென்னர்ஸ்ட்ரோமை அவர் வீழ்த்தும் வெற்றிக் கதைக்கே செலவாகின்றன. தன் மானத்தை மீட்பதற்கு ஒரு புத்தகமே எழுதுகிற மனிதருக்கு, கொல்லப்பட்ட பெண்களுக்காக ஒரு பத்தி எழுத மனம் வரவில்லை. இந்த நாயகனை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய நிருபர்:

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடம் ப்ளூம்க்விஸ்ட் அல்ல என்று நினைக்கிறேன். மாவட்ட நீதிமன்றச் செய்திகளை நீண்ட காலம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு நிருபரின் வேலையை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய குற்றப் புனைவுகள் மிகக் குறைவு.

அந்தப் புகைப்படப் பகுதியை நினைத்துப் பாருங்கள். ஹாரியட் காணாமல் போன நாளில் ஹெடஸ்டாட் நகரத்தில் ஓர் ஊர்வலம் நடக்கிறது. உள்ளூர் நாளிதழின் பழைய படச்சுருள்களைப் புரட்டும் ப்ளூம்க்விஸ்ட், கூட்டத்தில் ஹாரியட் நிற்கும் படங்களை வரிசையாகக் கணினியில் ஓடவிடுகிறார். எல்லோரும் ஊர்வலத்தைப் பார்க்க, அந்தப் பெண் மட்டும் தெருவின் எதிர்ப்பக்கத்தில் எதையோ கண்டு முகம் மாறுகிறாள். அவளுக்குப் பின்னால் வெளியூர்ப் பெண் ஒருத்தியும் அதே திசையில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் ஹாரியட் கண்டது அந்தக் கேமராவில் பதிந்திருக்க வேண்டும் அல்லவா? காரில் ஒட்டியிருந்த ஒரு பெயரை வைத்து நோர்ஷோ என்ற ஊரின் தச்சுப் பட்டறை வரை போய், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதி எடுத்த ஆல்பத்தை அவர் கண்டுபிடிக்கிறார். துப்பாக்கியும் துரத்தலும் இல்லாத இந்தப் பக்கங்களில் நான் அடைந்த பதற்றம், அடித்தள அறையில் மார்ட்டின் அவரைக் கொல்ல முயலும் காட்சியில்கூட வரவில்லை.

தாழம்பூ:

புகைப்படப் பகுதி சிறப்பானது என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் அந்த ஒன்றை வைத்து மனிதரை உயர்த்திவிட முடியுமா? ஹாரியட்டின் நாட்குறிப்பில் ஐந்து பெயர்களும் எண்களும் இருக்கின்றன. அவற்றைத் தொலைபேசி எண்கள் என்றே காவல்துறை பல ஆண்டுகள் எண்ணியிருக்கிறது. ப்ளூம்க்விஸ்டும் அதைத் தாண்டவில்லை. அவை விவிலிய வசனங்களின் எண்கள் என்பதைச் சொல்வது, வழியில் அவரைப் பார்த்துவிட்டுப் போக வந்த பதின்பருவ மகள் பெர்னிலா. எப்போதாவது மட்டுமே தகப்பனைக் காணும் பெண் அவள். அவள் கொடுத்த துப்பு கதைக்குப் பயன்பட்டதே தவிர, அவள் மேல் அவருக்கு எந்தப் புதிய அக்கறையும் வரவில்லை.

மற்றப் பெண்களைப் பாருங்கள். ‘மில்லேனியம்’ இதழின் ஆசிரியர் எரிக்கா பெர்கர் கணவனின் சம்மதத்தோடு அவரிடம் வருகிறார். ஹென்ரிக்கின் அண்ணன் மகள் செசிலியா வாங்கர் தானே அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். மனிதர்களையே நம்பாத சலாண்டரும் முடிவில் அவரிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார். எந்தப் பெண்ணும் அவரிடம் சலிப்படைவதில்லை, எவளையும் அவர் தேடிப் போவதுமில்லை. குறையுள்ள நாயகன் எனக்குப் பிடிக்கும். ஆனால் இவருடைய குறையை நாவல் குறையாகவே காணவில்லை. எல்லாப் பெண்களையும் அவருக்கு நற்சான்று எழுத வைத்திருக்கிறது.

கூதிர்க்காலம்:

நாயகனைவிட எனக்குச் சலிப்பு தந்தது நடையே. சலாண்டர் புதிய மடிக்கணினி வாங்க நினைத்தால், ஆப்பிள் பவர்புக் ஜி4, 960 எம்பி நினைவகம், 60 ஜிபி வன்வட்டு என்று விற்பனைக் கையேடு போல அடுக்கப்படுகிறது. மூன்று நாவல்களின் கையெழுத்துப் படிகளைக் கொடுத்துவிட்டு, முதல் நூல் 2005இல் அச்சாகும் முன்பே, 2004 நவம்பரில் தமது 50ஆவது வயதில் லார்ஸன் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் உயிரோடு இருந்து இன்னொரு முறை திருத்தியிருந்தால் இவற்றில் பாதி உதிர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பழைய நிருபர்:

தாழம்பூ சொன்ன பெண்கள் விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. அந்தப் பகுதிகள் ஆணின் ஆசைக் கனவாகவே இருக்கின்றன. ஆனால் மூடிமறைத்தது பற்றிய குற்றச்சாட்டை மறுக்கிறேன். செய்தி வெளிவந்தால் முதலில் தெருவுக்கு இழுக்கப்படுபவர் ஹாரியட். சொந்தத் தந்தையாலும் அண்ணனாலும் சிதைக்கப்பட்டு, தந்தையைத் தானே கொல்ல நேர்ந்து, வேற்றுப் பெயரில் வாழ்ந்த பெண் அவர். குற்றவாளிகள் இருவரும் இறந்துவிட்டார்கள். தண்டிக்க யாரும் மிச்சமில்லை. அத்தகைய நிலையில் உயிரோடு இருக்கும் ஒருத்தியின் வாழ்க்கையைத் தலைப்புச் செய்தியாக்குவது எந்த வகையில் நீதி? சலாண்டரே பேரம் பேசி, பெண்கள் காப்பகங்களின் அமைப்புக்கு ஆண்டுதோறும் வாங்கர் நிறுவனம் நன்கொடை தரவேண்டும், இறந்தவர்களின் குடும்பங்களைத் தேடி இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று கேட்கிறார். ப்ளூம்க்விஸ்ட் மனம் கசந்துதான் உடன்படுகிறார்.

இரவுவாசகன்:

ஹாரியட்டைக் காக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அவர் பெயரை எழுதாமல் மற்றவர்களைப் பற்றி எழுதும் வழியை ஒரு தேர்ந்த நிருபர் தேடியாவது பார்த்திருக்கலாம். அந்தத் தேடலுக்கு நாவல் ஒரு பக்கம்கூடக் கொடுக்கவில்லை.

நாவலின் முற்பகுதியில் மொரெல் என்ற ஓய்வுபெற்ற காவலர், ரெபேக்கா என்ற பெண்ணின் கொலை வழக்கை விடமுடியாமல் கடைசிவரை அலைந்த தம் பழைய சக காவலரைப் பற்றி ப்ளூம்க்விஸ்டிடம் சொல்கிறார். ஒவ்வொரு காவலருக்கும் அப்படி ஒரு வழக்கு உண்டு என்று அவர் சொல்வது என் மனத்தில் தங்கிய இடம். அந்த ரெபேக்காவைக் கொன்றது யார் என்பது இறுதியில் ப்ளூம்க்விஸ்டுக்குத் தெரிந்துவிடுகிறது. அதை எழுதாமல் வைத்துக்கொண்டு, சலாண்டர் கணினிக்குள் புகுந்து திருடிக் கொடுத்த ஆவணங்களை வைத்து வென்னர்ஸ்ட்ரோமை அம்பலப்படுத்தப் போகிறார். மனம் கசந்தார் என்கிறீர்கள். அந்தக் கசப்பு அடுத்த அத்தியாயத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டுங்கள், நான் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

பழைய நிருபர்:

அந்தப் பக்கங்களை நேற்றிரவு மீண்டும் படித்தேன். இறுதி அத்தியாயங்களில் அந்தக் கசப்பு எனக்கும் அகப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹாரியட்டை வெளியே இழுக்காதது சரி என்பதில் என் நிலை மாறவில்லை. ஆனால் ரெபேக்காவின் வழக்கில், அவள் வீட்டாருக்கு ஒரு கடிதமாவது அவர் தம் கைப்பட எழுதியிருக்க வேண்டும். அதை வாங்கர் நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் விட்டுவிட்டது எனக்கும் இப்போது உறுத்துகிறது.